கடிதம் கிடைத்த திகதி: அரச சேவையில் பதவி நீக்கமும் பதவியிறக்கமும்

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருபவர்களில் பலர் ஒரு பிளாஸ்டிக் உறையோடுதான் வருகிறார்கள். அஸர் தொழுகை முடிந்து வீட்டு விறாந்தையில் நான் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். ஊர்க்கதை கொஞ்சம் பேசிவிட்டு, உறைக்குள்ளிருந்து கடிதமொன்றை எடுத்து நீட்டுவார்கள். "சேர், இதக் கொஞ்சம் பாருங்க. என்னப் போட்டு வேலையால நிப்பாட்டிட்டாங்க." கடிதத்தை வாசிக்க முன்னர் நான் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது உங்கட கைக்கு எப்ப கிடைச்ச?"

வந்தவருக்கு அது விசித்திரமாகத் தோன்றும். தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல வந்தால் இவர் திகதியைக் கேட்கிறாரே என்று நினைப்பார். ஆனால் அரச சேவையில் பதவி இழந்தவர்களும் பதவி இறக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்குகளில் எத்தனையோ, அநியாயம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே போகாமல் திகதியோடு முடிந்துபோயிருக்கின்றன.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. என் தவறொன்றிலிருந்து கற்றேன். எங்கள் ஊர்ப் பிள்ளையொருவர் திணைக்களமொன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தார். கணவர் கட்டாரில். அனுமதி பெற்ற விடுமுறையில் அங்கே சென்றவர், குழந்தைக்குச் சுகமில்லாமற் போனதால் விடுமுறையை நீடித்துத் தரும்படி எழுதினார். பதில் வரவில்லை. திரும்பி வந்து கந்தோருக்குப் போனபோது, அவர் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுகிறார் என்ற கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அதே கந்தோரில் அவரைப் போலவே வெளிநாடு சென்ற இன்னொருவருக்கு நீடிப்புக் கிடைத்திருந்தது.

"இப்ப என்ன செய்யிற மாமா?" என்று கேட்டு வந்தார். நான் அப்போது சேவையில் இருந்தேன்; விதிகள் தெரிந்தவன் என்று பெயரும் இருந்தது. "அவசரப்பட்டு வழக்குக்குப் போகாதீங்க மகள். முதல்ல ஆணைக்குழுவுக்கு மேன்முறையீட்டப் போடுங்க. முடிவு வரட்டும், பிறகு பார்ப்பம்" என்றேன்.

முடிவு வர 14 மாதங்கள் சென்றன. வந்தது நிராகரிப்பு. அதன் பிறகே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யப்பட்டது. எதிர்த்தரப்பு பூர்வாங்க ஆட்சேபனை ஒன்றை எழுப்பியது: உரிமை மீறல் நடந்திருந்தால் அது முதற் கடிதத்தோடு நடந்தது, அதற்கான ஒரு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. மனு தள்ளுபடியானது. இன்னொருவருக்குக் கிடைத்த நீடிப்பு இவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எந்த இடத்திலும் விசாரிக்கப்படவில்லை. அந்த மனுவை நம்பியிருந்த இடைவெளியில் மேன்முறையீட்டு நியாயசபைக்குச் செல்லும் அவகாசமும் போய்விட்டது. அந்தப் பிள்ளை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் தவறு என்னுடையது.

அந்தத் தவறை இன்னொருவர் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன். இது சட்டத்தரணியின் ஆலோசனைக்குப் பதிலீடல்ல. சட்டத்தரணியிடம் எப்போது, எதைக் கொண்டு போக வேண்டும் என்பதை அறிந்துகொள்ள உதவினால் போதும்.

"விரும்பும் வரை" என்ற கோட்பாடு

பிரித்தானியரிடமிருந்து நமக்குக் கிடைத்த கோட்பாட்டின்படி, அரச ஊழியர் முடி விரும்பும் வரையே பதவியில் இருக்கிறார். சோல்பரி அரசியலமைப்பு இதை அப்படியே வைத்திருந்தது. ஆனால் அதே அரசியலமைப்பு, நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கையில் கொடுத்து, அரசியல்வாதிக்கும் உத்தியோகத்தருக்கும் இடையில் ஒரு சுவரையும் எழுப்பியது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தச் சுவரை இடித்து அதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அதிகாரம் அமைச்சரவையிடமே இருந்தது.

அந்தக் காலத்தின் பெரிய பாடம் 1980 ஜூலை வேலைநிறுத்தம். அதில் பங்குபற்றிய 40,000 பேரளவிலான ஊழியர்கள், பெரும்பாலும் அரச துறையினர், சேவையை விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டு வேலை இழந்தனர். தனித்தனி விசாரணை எதுவும் நடக்கவில்லை. அவர்களுடைய குடும்பங்கள் பட்ட பாட்டை என் வயதுக்காரர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

2001இல் 17ஆவது திருத்தம் அதிகாரத்தை மீண்டும் சுயாதீன ஆணைக்குழுவிடம் கொண்டுவந்தது. பின்னர் 2010இல் 18ஆவது திருத்தம், 2015இல் 19ஆவது, 2020இல் 20ஆவது, 2022இல் 21ஆவது என்று, ஆணைக்குழு உறுப்பினர்களை நியமிக்கும் முறை மாறி மாறி வந்தது. ஆனாலும் 17ஆவது திருத்தம் வகுத்த பாதை பெருமளவில் இன்றும் நிற்கிறது. நமது உத்தியோகத்தர்கள் பலர் இன்னும் 1978இன் நினைப்பிலேயே இருக்கிறார்கள். அமைச்சர் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்று நம்பி, கடிதம் வந்தவுடன் எம்.பி.யின் வீட்டுக்கு ஓடுகிறார்கள்.

வேலை போவதற்கு எத்தனை பெயர்கள்

கடிதத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் வெவ்வேறு பதில் உண்டு.

*பணி இடைநிறுத்தம்*, கந்தோர் மொழியில் 'இன்டர்டிக்ஷன்', வேலை போனதாகாது. விசாரணை முடியும் வரை விலக்கி வைத்தல். *கட்டாய விடுமுறை* என்பதும் அப்படியான ஓர் இடைக்கால ஏற்பாடு. *பதவி நீக்கம்* என்பது குற்றப்பத்திரம், விசாரணை ஆகியவற்றுக்குப் பிறகு வழங்கப்படும் அதியுயர்ந்த தண்டனை.

*பதவி வறிதாக்கல்* வேறு வகை. விடுமுறை பெறாமல் கடமைக்கு வராதவர் தானாகவே பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார் என்று தாபன விதிக்கோவை சொல்கிறது. "நாங்க உங்கள நீக்கல்ல, நீங்கதான் போயிட்டீங்க" என்பதே அதன் அர்த்தம். தண்டனை அல்ல என்பதால் குற்றப்பத்திரமும் முறையான விசாரணையும் இல்லை. எனவே கொடுக்கும் எழுத்து விளக்கமே அந்த நபரின் முழு வழக்கு. 1996இல் அரச கூட்டுத்தாபன ஊழியர் ஒருவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பதவியைக் கைவிட்டார் என்று சொல்ல இரண்டு விடயங்கள் வேண்டும் என்று விளக்கியது. ஒன்று, வேலைக்கு வராதிருத்தல். மற்றையது, வேலையைக் கைவிடும் எண்ணம். நீடிப்புக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று சொல்வது எளிதல்ல. அந்தப் பிள்ளையின் விளக்கக் கடிதத்தில் நான் இதை எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

*பதவியிறக்கம்* இன்னும் சிக்கலானது. அது நான்கு உருவங்களில் வரும். ஒன்று, விசாரணையின் பின் தண்டனையாகத் தரத்தையோ சம்பளப் படியையோ குறைப்பது. இரண்டு, பதிற்கடமையில் இருந்தவரைப் பழைய பதவிக்கு அனுப்புவது. பதிற்கடமை அதிபராகப் பத்து வருடம் பாடசாலையை நடத்தியவர் ஒரு நாள் ஆசிரியராகத் திரும்பும்போது ஊர் முழுக்க "இறக்கிப் போட்டாங்க" என்று பேசும். ஆனால் நியமனக் கடிதம் தற்காலிகமானது என்றால், சட்டத்தின் கண்ணில் அது தண்டனையாகாது. மூன்று, முன்னர் வழங்கிய பதவி உயர்வு தவறுதலாக வழங்கப்பட்டது என்று சொல்லி இரத்துச் செய்வது. இங்கே பாதிக்கப்படுபவரின் பக்கத்தைக் கேட்காமல் செய்தால் அது கேள்விக்குரியது. நான்கு, காகிதத்தில் ஒன்றும் நடக்காது; சம்பளமும் அதே. ஆனால் கடமைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரு மேசையையும் கதிரையையும் மட்டும் விட்டுவைப்பார்கள். இந்த நான்காவதை நிரூபிப்பதுதான் கஷ்டம். கடமைப் பட்டியல், உள்ளகக் கடிதங்கள், திகதிகள் இவற்றை அந்தந்த நேரத்திலேயே எடுத்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அது முடிந்திருக்கிறது.

விசாரணை மேசையில்

ஒழுக்காற்று நடைமுறை தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. முதலில் ஆரம்பப் புலனாய்வு. அதில் வாக்குமூலங்கள் எடுக்கப்படும். முகாந்திரம் இருந்தால் குற்றப்பத்திரம். பாரதூரமான குற்றங்கள் முதலாம் அட்டவணையிலும் அவ்வளவு பாரதூரமல்லாதவை இரண்டாம் அட்டவணையிலும் வரும். குற்றப்பத்திரத்தோடு, எந்த ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டு நிரூபிக்கப் போகிறார்கள் என்ற விபரமும் தரப்பட வேண்டும். அந்த ஆவணங்களைப் பார்வையிடக் கேட்கலாம். விசாரணையில் தனக்காகப் பேச இன்னொரு உத்தியோகத்தரை அழைத்துக்கொள்ளலாம்.

நான் அந்த மேசையின் இரு பக்கமும் இருந்தவன். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சார்பில் பேசியிருக்கிறேன். விசாரணை உத்தியோகத்தராக இருந்து சிலரைக் குற்றவாளிகள் என்று அறிக்கை எழுதியும் இருக்கிறேன். நம்மவர்கள் அங்கே செய்யும் தவறுகளில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆரம்பப் புலனாய்வில் வாசிக்காமல் கையொப்பமிடுவது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். "சரி ஐசே, சைன் பண்ணுங்க" என்றவுடன் போட்டுவிடுவார்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் தரும்படி எழுத்தில் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாவது, குற்றப்பத்திரத்துக்குப் பதிலாக இரக்கம் கேட்டு எழுதுவது. "என் மூன்று குமர்ப் பிள்ளைகளையும் கருத்திற் கொண்டு மன்னிக்கவும்" என்று எழுதினால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அது கோவையில் ஏறும். மூன்றாவது, நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அதில் விடுதலையானதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. குற்றவியல் வழக்கும் ஒழுக்காற்று விசாரணையும் வேறு வேறு. ஒன்றில் விடுதலையானாலும் மற்றையது தொடரலாம்.

கதவுகளும் அவற்றின் கடிகாரங்களும்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

*உள்ளக மேன்முறையீடு.* அதிகாரம் கையளிக்கப்பட்ட உத்தியோகத்தரோ குழுவோ எடுத்த முடிவுக்கு எதிராக அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குச் செல்லலாம். 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த நியாயசபையின் உறுப்பினர்களை நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் இரத்துச் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஆணைக்குழுவின் கடிதம் கிடைத்தவுடனேயே ஆயத்தமாக வேண்டும்.

*அடிப்படை உரிமை மனு.* அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிப்படுத்துகிறது. அது மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவகாசம் ஒரு மாதம். 'கமஎத்திகே எதிர் சிறிவர்தன' வழக்கில் (1988) உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: காலம் மீறல் நடந்ததிலிருந்து ஓடத் தொடங்கும், வேறு பரிகாரம் தேடிக்கொண்டிருப்பது அந்த ஓட்டத்தை நிறுத்தாது, தாமதத்துக்கு மனுதாரர் காரணமல்லாத விதிவிலக்கான நிலையில் மட்டும் நீதிமன்றம் தளர்வு காட்டலாம். நான் அந்தப் பிள்ளைக்கு ஆலோசனை சொன்னபோது இந்தத் தீர்ப்பு வந்து பல வருடங்களாகிவிட்டன. எனக்குத் தாபன விதிக்கோவை தெரியும், இது தெரியாது.

*மனித உரிமைகள் ஆணைக்குழு.* ஒரு மாதத்துக்குள் மனுப் போட முடியாதவருக்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டின் பிரதியை மட்டும் காட்டினால் போதாது, உண்மையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று பிற்காலத் தீர்ப்புகள் சொல்கின்றன. ஆகவே முறைப்பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்க முடியாது. ஆணைக்குழுவோடு நடத்தும் கடிதப் போக்குவரத்து முழுவதையும் வைத்திருக்க வேண்டும்.

*எழுத்தாணை.* மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். அரசாங்க சேவை ஆணைக்குழு, அதன் குழுக்கள், அதிகாரம் கையளிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள் ஆகியோரின் தீர்மானங்களை, 126ஆம் உறுப்புரையின் கீழன்றி வேறு எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 61அ உறுப்புரை சொல்கிறது. 'ரத்னசிறி எதிர் எல்லாவல' வழக்கில் (2004) மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அப்போதைய தலைவர் நீதியரசர் சலீம் மர்சூப், 17ஆவது திருத்தம் அரச சேவைக்கென்று விரிவான ஏற்பாட்டை உருவாக்கியிருக்கும்போது இந்த நீதிமன்றம் அதற்குள் தலையிட மிகவும் தயங்கும் என்று விளக்கினார். ஆனால் நியாயசபையின் பெயர் அந்த உறுப்புரையில் இல்லை. அதனால் நியாயசபை தந்த தீர்ப்பை எழுத்தாணை மூலம் மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலை. நியாயசபையைத் தாண்டிக் குதிக்காமல் அதன் வழியாகப் போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*தொழில் நியாயசபை.* தனியார் துறை ஊழியரும் அரச கூட்டுத்தாபன ஊழியரும் வேலை நீக்கப்பட்டு ஆறு மாதங்களுக்குள் இங்கே போகலாம். அரச திணைக்கள ஊழியருக்கு இந்தக் கதவே இல்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டம், அரசாங்கம் தொழில்கொள்வோராக இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது. கூட்டுத்தாபனத்தில் வேலை செய்த ஒருவர் "நான் கவர்மென்ட் தானே" என்று எண்ணி ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு எழுதிக்கொண்டிருந்த கதையும் எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் விடயம் ஒன்றுதான். இந்தக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பவை அல்ல. சில ஒரே நேரத்தில் தட்டப்பட வேண்டியவை. மேன்முறையீட்டையும் போட வேண்டும். அதே மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுவையோ மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டையோ பற்றித் தீர்மானிக்கவும் வேண்டும். "முடிவு வரட்டும்" என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் மோசமான ஆலோசனை.

மாகாண சேவையில் இருப்பவர்களுக்கு

நமது வாசகர்களில் ஆசிரியர்கள் அதிகம். மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள் மாகாண அரச சேவையைச் சேர்ந்தவர்கள். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி, அவர்கள் மீதான ஒழுக்காற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அதை அவர் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். அந்த ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவோ இரத்துச் செய்யவோ ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. எனவே முறையீடு ஆளுநருக்கே போக வேண்டும். கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு அனுப்பினால் காலம்தான் வீணாகும். உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதக் கணக்கு இவர்களுக்கும் அதேதான். எழுத்தாணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றமா, மாகாண மேல் நீதிமன்றமா என்பதைச் சட்டத்தரணி முடிவு செய்ய வேண்டும். தேசிய பாடசாலை ஆசிரியர்களுக்கு மத்திய சேவையின் பாதை. ஆகவே "நான் யாருடைய ஊழியர்?" என்ற கேள்விக்கு நியமனக் கடிதத்தைப் பார்த்து முதலில் பதில் காண வேண்டும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

அடிப்படை உரிமை மனு இன்னொரு மேன்முறையீடு அல்ல. நீங்கள் பணத்தை எடுத்தீர்களா இல்லையா என்று உயர் நீதிமன்றம் மறுபடி விசாரணை நடத்தாது. மூன்று விடயங்களையே பிரதானமாகப் பார்க்கும்: யார் செய்தார், எப்படிச் செய்தார், ஏன் செய்தார்.

யார்? அதிகாரமில்லாதவர் எடுத்த முடிவை, நீதிமன்றத் தலையீட்டைத் தடுக்கும் வாசகம் காப்பாற்றாது என்பது 'அபேவிக்கிரம எதிர் பத்திரண' வழக்கிலிருந்து (1986) வரும் நிலைப்பாடு. எனவே கடிதத்தில் கையொப்பமிட்டவருக்கு அந்த அதிகாரம் கையளிக்கப்பட்டிருந்ததா என்று தேட வேண்டும்.

எப்படி? மறுதரப்பைக் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா? இது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. திருக்குர்ஆனின் ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களிடம் வழக்காளிகள் இருவர் வந்த சம்பவம் இருக்கிறது. ஒருவர் சொன்னதைக் கேட்டதும் அவர் கருத்துச் சொல்லிவிட்டார், அதற்காகவே பின்னர் பாவமன்னிப்புத் தேடினார் என்று விளக்கவுரையாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு நபிக்கே அந்தச் சோதனை என்றால், திணைக்களத் தலைவருக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ஏன்? 'ஜயவர்தன எதிர் விஜயதிலக்க' வழக்கில் (2001) திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்த ஒருவரின் நியமனம் காரணமின்றி முடிவுறுத்தப்பட்டிருந்தது. நியமிக்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும் பொதுமக்களின் நலனுக்காக நம்பிக்கைப் பொறுப்பாகத் தரப்பட்டவை, அவை நியாயத்தின்படி செலுத்தப்பட வேண்டும், மனம்போன போக்கில் அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் மொழியில் சொன்னால், அதிகாரம் ஓர் அமானிதம்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்கிட முடியாது என்று இங்கே உயர் நீதிமன்றம் சொன்னது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதை மாற்றி, வழக்கிடலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவர் எழுப்பிய மொழிச் சட்டக் கேள்வியை அது தீர்க்கவில்லை, திருப்பி அனுப்பியது. ஒரு தனி மனிதரின் சின்னச் சம்பள ஏற்றம் இந்நாட்டு அரச ஊழியர் அனைவருக்கும் ஓர் உரிமையைப் பெற்றுத் தந்தது.

கந்தோருக்கு வெளியே

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் நம் சமூகத்தின் உத்தியோகத்தர்கள் எந்தப் பயத்தோடு கந்தோருக்குப் போனார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த மே மாதத்தில் கைதான குருநாகல் போதனா வைத்தியசாலை மருத்துவர் ஷாபி சிஹாப்தீன் கட்டாய விடுமுறையில் வைக்கப்பட்டார். பின்னர் அக்காலத்துக்குரிய சம்பள நிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. நாடு மருந்துக்குத் தவித்த 2022இல் அவர் அந்தப் பணத்தை மருந்து வாங்கும்படி திருப்பிக் கொடுத்தார். அந்த ஈகையைப் பற்றி எல்லோரும் பேசினோம். எனக்கு இன்னொன்றும் தோன்றியது: தொலைக்காட்சியும் தெருவும் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகும், நடைமுறை என்று ஒன்று மெதுவாக நடந்துகொண்டிருந்தது. மெதுவானதுதான், வலிக்கும் அளவுக்கு மெதுவானதுதான். அதை விட்டால் தனி மனிதருக்கு வேறு காவல் கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நான் விசாரித்தவர்களில் உண்மையிலேயே பொதுப் பணத்தில் கை வைத்தவர்கள் இருந்தார்கள். நம் பெயர் தாங்கியவர்களும் இருந்தார்கள். பதவி அமானிதம் என்பது மேலதிகாரிக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. தவறு செய்தவருக்கும் முறையான விசாரணை உரிமை உண்டு. ஆனால் "முஸ்லிம் எண்டதால செஞ்சிட்டாங்க" என்று ஒவ்வொரு தண்டனைக்கும் சொல்லிப் பழகினால், உண்மையில் அப்படி நடந்தவருக்காகப் பேச வேண்டிய நாளில் நம் குரலுக்கு மதிப்பிருக்காது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கடிதம் கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பதிலையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். முதல் வாரத்திலேயே சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். சம்பளம் நின்றவரிடம் அதற்குக் காசிருக்காது, அங்கேதான் குடும்பமும் ஊரும் உதவ வேண்டும். காரணம் சொல்லாத கடிதமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். முடிவொன்றினால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதன் 35ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகவும் ஒரு மாதம் காத்து நிற்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தை அலுமாரியில் ஒளித்து வைக்காதீர்கள். மானம் போய்விடும் என்று மனைவிக்கும் சொல்லாமல் தினமும் கந்தோருக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அப்படிப் போனார். வழக்கிடும் அவகாசம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் போனது.

போன மாதம் இளம் ஆசிரியர் ஒருவர் உறையோடு வந்தார். "எம்.பி.யக் கண்டு பேசலாமெண்டு இருக்கன் சேர்" என்றார். வழமைபோல் திகதியைக் கேட்டேன். "ஒம்பது நாளாகுது." அன்று மாலையே சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு நியாயம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. வழக்கில் அவர் பக்கம் எவ்வளவு பலம் என்பதும் இனித்தான் தெரியும். ஆனால் அவர் சொல்வதை ஒரு நீதிமன்றம் கேட்க இன்னும் 21 நாட்கள் மிச்சமிருந்தன.